குளிர்ந்த நிலையில் எடுக்காத பழைய டீசல் வண்டி: கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கும். ஒருமுறை எடுத்துவிட்டால் அன்று முழுக்கச் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகும். இந்தக் கோளாறைத் தேடுவதில் உள்ள சிரமம், அதைப் பார்க்கும் வாய்ப்பு நாளுக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்பதே. இன்ஜின் ஒரு நிமிடம் ஓடினாலே சேம்பர் (டீசல் எரியும் அறை) சூடாகிவிடும், லைனில் டீசல் நிரம்பிவிடும், தடயம் போய்விடும். அதனால் காலையில் எதைச் சோதிக்கப் போகிறோம் என்று முந்தின இரவே முடிவு செய்து, மீட்டரையும் ஸ்பேனரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைக்கு ஒரு சோதனை போதும்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்பும் ஹீட்டர் பிளக்கும் (ஸ்டார்ட் செய்யும் முன் சேம்பரைச் சூடாக்கும் மின் பிளக்) உள்ள பழைய இன்ஜின்களுக்கு. எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து மிக அதிக அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் ஹை பிரஷர் பைப்பை லூஸ் செய்து பார்க்கவே கூடாது.

முதலில் புகை

ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும், இன்னொருவர் சைலன்சர் பக்கம் நின்று பார்க்கட்டும். எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். பாதித் தேடல் இங்கேயே முடிந்துவிடும்.

புகையே வரவில்லை என்றால் சேம்பருக்கு டீசல் போகவில்லை. லைனில் ஏர், ஸ்டாப் சாலினாய்டு (சாவியை அணைத்தால் பம்பில் டீசலை நிறுத்தும் மின் வால்வு), அடைத்த ஃபில்டர் ஆகிய மூன்றில் ஒன்று. அப்போது ஹீட்டர் பிளக் வாங்க ஓடுவது வீண் செலவு.

வெள்ளைப் புகை, கண்ணை எரிக்கும் டீசல் வாசனையோடு வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை. ஹீட்டர் பிளக், சுற்றும் வேகம், பம்ப் டைமிங், கம்ப்ரஷன் பக்கம் தேடுங்கள்.

விட்டுவிட்டு அடித்ததில் முதல் பத்துப் பதினைந்து விநாடி புகையே இல்லாமல் இருந்து, பிறகு வெள்ளைப் புகை கிளம்பி, உடனே எடுத்தால், இரவில் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சுற்றும் வேகம்

டீசல் இன்ஜினில் தீ மூட்டுவது அழுத்தத்தால் வரும் சூடு. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூட்டைக் குளிர்ந்த இரும்பு உறிஞ்சிவிடும், அழுத்தமும் ரிங் வழியாகக் கசிந்துவிடும். நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி சார்ஜ்தான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரியையோ செல்ஃப் மோட்டாரையோ சந்தேகியுங்கள். வோல்டேஜ் நன்றாக நின்றும் இன்ஜின் மந்தமாகச் சுற்றினால் கேபிளைப் பாருங்கள்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். செல்ஃப் அடிக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் சரியில்லை. கிளாம்பில் வைக்காமல் போஸ்ட்டிலேயே வைத்து அளக்க வேண்டும். பல நேரம் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவில்தான். இதற்குக் காலை நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இன்ஜின் எடுக்காதபடி ஸ்டாப் சாலினாய்டு வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு மாலையிலேயே பார்த்துவிடலாம்.

தடித்த ஆயிலும் வேகத்தைக் குறைக்கும். மேனுவல் சொல்லும் கிரேடு ஊற்றியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஹீட்டர் பிளக்

டேஷ்போர்டில் சுருள் விளக்கு எரிந்து அணைவதை நம்ப வேண்டாம். பல பழைய வண்டிகளில் அது வெறும் டைமர். நான்கு பிளக்கும் போயிருந்தாலும் அழகாக எரிந்து அணையும்.

சாவியை ஆன் செய்து, பிளக்குகளை இணைக்கும் பட்டையில் வோல்டேஜ் பாருங்கள். 11 வோல்ட் அளவில் சில விநாடி வர வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் பெரிய ஃபியூஸ், ரிலே. எட்டு, ஒன்பது என்று குறைவாக வந்தால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கலாம்.

கரன்ட் வருகிறது என்றால் பட்டையைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கையும் தனியாக பிளாக்குக்கு எதிராக அளங்கள். நல்ல பிளக் குளிர்ந்த நிலையில் 0.5 முதல் 1.5 ஓம் வரை காட்டும். மீட்டர் முனைகளை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவை முதலில் கழித்துவிடுங்கள். இவ்வளவு சின்ன எண்ணில் அதுவே தவறான முடிவைத் தரும். கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிப் பிடித்துக் கரன்ட் அளப்பது) இருந்தால் இன்னும் நல்லது: ஆரம்பத்தில் அதிகமாக இழுத்து, பிறகு ஒரு பிளக்குக்கு 10 ஆம்பியர் அளவில் அடங்கும்.

கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும். துருநீக்கும் ஆயிலை முந்தின இரவே ஊற்றி ஊறவிடுங்கள். பலமாக முறுக்கி பிளக் உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும். புதியது வாங்கும்போது பழையதன் மேல் பொறித்த வோல்டேஜைப் படித்துப் பாருங்கள். சில வண்டிகளில் 12 வோல்ட்டுக்குக் குறைந்த பிளக் இருக்கும். அதற்குப் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்தால் முனை உருகி சேம்பருக்குள் விழும்.

லைனில் ஏர்

பழைய வண்டியில் மிகவும் அலைக்கழிக்கும் கோளாறு இதுதான். டேங்கிலிருந்து பம்ப் வரை பல வண்டிகளில் டீசல் இழுக்கப்பட்டே வருகிறது. அந்த லைனில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுகூட இருக்காது.

முதல் சோதனை சுலபம். காலையில் செல்ஃப் அடிக்கும் முன் கை பம்பை (லைனில் டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) கெட்டியாகும் வரை அழுத்துங்கள். உடனே எடுத்தால் டீசல் இறங்கியிருந்தது உறுதி. மறுநாள் சந்தேகம் தீர, டேங்க் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது கேன். 2 லிட்டர் சுத்தமான டீசலைப் பம்புக்கு மேலே உயரமாகக் கட்டிவைத்து, பம்ப் இன்லெட்டுக்கு நேராக ஹோஸ் கொடுங்கள். ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனில் விடுங்கள். மாலையில் சிறிது நேரம் ஓட்டி ஏர் எடுத்துவிட்டு அப்படியே நிறுத்துங்கள். காலையில் பட்டென்று எடுத்தால் கோளாறு பெரும்பாலும் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில். அடுத்த இரவு கேனைப் பம்பைவிடத் தாழ்வாக வைத்து (உயரத்தில் இருந்தால் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகாது) ஃபில்டருக்கு முன்னால் இணையுங்கள். மறுபடி சண்டித்தனம் செய்தால் ஃபில்டர் பக்கம்தான் ஓட்டை: கை பம்பின் சீல், ஃபில்டர் ஓ-ரிங், தண்ணீர் இறக்கும் திருகு.

நாசில்களின் (சேம்பருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகங்கள்) தலையில் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ்களை மறக்காதீர்கள். கடைசி நாசிலில் மாட்டிய மூடிய ரப்பர் தொப்பி வெடித்திருந்தால் காற்று உள்ளே போக அதுவே போதும். விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள்.

சாலினாய்டும் கோல்ட் ஸ்டார்ட் லீவரும்

சாவியை ஆன் செய்தால் பம்பிலிருந்து ‘டிக்’ என்று கேட்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போதும் அங்கே கரன்ட் இருக்கிறதா என்று அளங்கள். இக்னிஷன் ஸ்விட்ச் தேய்ந்த வண்டியில் ஸ்டார்ட் நிலையில் மட்டும் அது நின்றுபோகும்; சாவியை விடும் கணத்தில் இன்ஜின் எடுக்கப் பார்ப்பது அதன் அடையாளம்.

ரோட்டரி பம்ப் சிலவற்றில் குளிரில் டைமிங்கை முன்தள்ளும் ஒரு லீவர் இருக்கும். அது நிற்கும் இடத்தை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும் சூடானபின் ஒருமுறையும் பெயின்டால் குறித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அது வேலை செய்யவில்லை.

செய்யக்கூடாதவை

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடித்து ரிங்கை உடைக்கும். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் அடிக்காமல், அரை நிமிடம் ஆறவிட்டு அடியுங்கள். நாசில் நட்டை லூஸ் செய்து டீசல் வருகிறதா என்று பார்க்கும்போது துணி போட்டு மூடி, கையை விலக்கி வையுங்கள். பாய்ந்து வரும் டீசல் தோலைத் துளைத்துவிட்டால் காயம் ஊசிக்குத்து அளவே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக கம்ப்ரஷன்

இதற்கு முன் டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) பாருங்கள். இறுகிப்போன வால்வு முழுதாக மூடாது, அதைச் சரிசெய்யச் செலவும் இல்லை. பிறகு டீசல் கேஜ் வைத்து அளங்கள். பெட்ரோல் கேஜ் தாங்காது. பிரீ-சேம்பர் (எரிதல் தொடங்க ஹெட்டில் தனிச் சிறு அறை உள்ள) இன்ஜின் நல்ல நிலையில் 25 முதல் 30 பார் வரை காட்டும்; 20-க்குக் கீழே போனால் குளிரில் எடுப்பது கடினம். உங்கள் இன்ஜினுக்கான எல்லையை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் எகிறுகிறதா என்று பார்க்க சிலிண்டரில் ஆயில் ஊற்றும் பழக்கம் டீசலுக்கு ஆகாது. சேம்பரில் இடம் மிகக் குறைவு, கனெக்டிங் ராட் வளையலாம்.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வு அல்லது ரிங். அடுத்தடுத்த இரண்டு குறைந்தால் ஹெட் கேஸ்கெட். எல்லாமே ஒரே அளவில் குறைந்தால், இன்ஜினைப் பிரிக்கும் முன் முழு சார்ஜ் உள்ள பேட்டரியோடு இன்னொருமுறை அளந்து பாருங்கள்.