பூட்டோடு வரும் பழைய லேப்டாப்: காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியதும், அதில் போட வேண்டிய ஓஎஸ்ஸும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் கைமாறும் பழைய லேப்டாப்களில் பல, சபுராளிகள் (வெளிநாடு போய் வேலை பார்ப்பவர்கள்) வளைகுடாவிலிருந்து கொண்டு வந்தவை. கீபோர்டில் அரபு எழுத்து, தடித்த மூன்று முள் பிளக், அடியில் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து எண் ஸ்டிக்கர். பொருள் தரமானதாகவே இருக்கும். கம்பெனி போட்ட பூட்டும் அதோடு வந்துவிடுவதுதான் சிக்கல். “பாஸ்வேர்டு தெரியல, ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிரும்” என்று விற்பவர் சொன்னால், அது எந்தப் பூட்டு என்று பார்க்காமல் நம்பாதீர்கள். ஃபார்மட்டில் போகிற பூட்டும் உண்டு, மதர்போர்டை மாற்றினால்தான் போகும் என்கிற பூட்டும் உண்டு.

பூட்டு எங்கே இருக்கிறது?

ஆன் செய்ததும் லேப்டாப் தயாரித்தவரின் லோகோ வருவதற்கு முன்போ, லோகோவோடு சேர்ந்தோ பாஸ்வேர்டு கேட்டால் அது பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பூட்டு, அல்லது டிஸ்க் பூட்டு. டிஸ்க் பூட்டு என்றால் திரையில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் என்ற சொல் இருக்கும். புது எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) வாங்கிப் போட்டால் தீர்ந்தது, பழைய டிஸ்க் பயன்படாது. பயாஸ் பூட்டுதான் விவகாரமானது. டெஸ்க்டாப்பில் மின் வயரைக் கழற்றி, மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல்லைச் சில நிமிடம் எடுத்து வைத்தால் பெரும்பாலும் அழிந்துவிடும். லேப்டாப்பில் அந்த வித்தை பெரும்பாலும் பலிக்காது. பாஸ்வேர்டு தனிச் சிப்பில் பதிந்திருப்பதால் செல்லைக் கழற்றினால் கடிகாரம்தான் தவறும். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு (பயாஸ் அமைப்புகளை மாற்ற விடாத பூட்டு) மறந்துபோனால் மதர்போர்டை மாற்றுங்கள் என்பதுதான் லெனோவாவின் பதில். அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

விண்டோஸ் லோகோ வந்த பிறகு கேட்கும் பாஸ்வேர்டுக்குக் கவலை வேண்டாம். டிஸ்க்கை அழித்துப் புதிதாக ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போல கணினியை இயக்கும் மென்பொருள்) போட்டால் போய்விடும். நீல நிறத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்பது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. அந்த எண் இல்லாமல் உள்ளே இருக்கும் ஃபைல்கள் கிடைக்காது, ஆனால் அழித்துவிட்டுப் போடுவதற்குத் தடை இல்லை. அந்த ஃபைல்கள் உங்களுடையவையும் அல்ல.

கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்றும் இருக்கிறது. கம்பெனி அந்த லேப்டாப்பை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் (கம்பெனிகள் தங்கள் கணினிகளைப் பதிந்து நிர்வகிக்கும் சேவை) பதிந்திருந்தால், விண்டோஸைப் புதிதாகப் போட்டு இன்டர்நெட் இணைத்த உடனே அந்தக் கம்பெனியின் பெயரோடு லாகின் கேட்கும். டிஸ்க்கை மாற்றினாலும் கேட்கும், ஏனென்றால் பதிவு மைக்ரோசாஃப்ட் பக்கம் இருக்கிறது. கம்பெனிதான் நீக்க முடியும். ஆகவே ஏற்கெனவே விண்டோஸ் ஓடுகிற மெஷினைக் காட்டினால் திருப்தி அடையாதீர்கள். ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டை இணைத்து, முதல் செட்டப் திரைகளைத் தாண்டுகிறதா என்று அங்கேயே பாருங்கள். அரை மணிக்கு மேல் ஆகலாம், பரவாயில்லை.

மேக்புக் என்றால் விற்பவர் உங்கள் கண் முன்னால் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். 2018 முதல் வந்த டி2 சிப் மாடல்களிலும், அதற்குப் பின் வந்த எம் வரிசையிலும் ஆக்டிவேஷன் லாக் (பழைய உரிமையாளரின் கணக்கோடு பிணைக்கும் பூட்டு) இருந்தால் வெளியே யாராலும் திறக்க முடியாது.

பில், அல்லது கம்பெனி விற்றதற்கான ஒரு தாள், சீரியல் எண்ணோடு கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 317-இல் குற்றம். மூடியில் அரசு முத்திரை பதித்த விலையில்லா மடிக்கணினிகளையும் தொடாமல் இருப்பதே நல்லது. அவை மாணவர்களுக்குக் கொடுத்தவை.

போகும்போது ஒரு பென்டிரைவ்

லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று கையில் இருந்தால் பாதிச் சோதனை அதிலேயே முடியும். செய்வது இப்படி:

1. 8 ஜிபி பென்டிரைவ் எடுங்கள். அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும்.

2. மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை அதன் தளத்திலிருந்து இறக்குங்கள். அந்த ஐஎஸ்ஓ ஃபைல் (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஒரே ஃபைல்) சுமார் 3 ஜிபி. தினம் 2 ஜிபி பிளானில் ஒரே நாளில் இறங்காது, பாதியில் அறுந்தால் ஃபைல் கெட்டுவிடும். டோரண்ட் வழியாக இறக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும், சரிபார்ப்பையும் தானே செய்துகொள்ளும்.

3. வேறொரு விண்டோஸ் கணினியில் பென்டிரைவில் ஓஎஸ் ஏற்றித் தரும் ரூஃபஸ் புரோகிராமைத் திறந்து, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுங்கள். ஐஎஸ்ஓ மோடா டிடி மோடா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ. அதில் பூட் ஆகாவிட்டால் மட்டும் டிடி.

4. பார்க்கப் போகும் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) கீயைத் தட்டிக்கொண்டே இருந்து, அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவா, ஏசர் என்றால் எஃப்12. ஹெச்பி எஃப்9. ஏசூஸ் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனு பயாஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதை முதலில் ஆன் செய்ய வேண்டிவரலாம்.

பூட் ஆகிவிட்டதாலேயே பயாஸ் திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டாம். சில மெஷின்களில் பூட் மெனு வரும், பயாஸ் மட்டும் பூட்டியிருக்கும். எனவே பயாஸுக்குள் தனியாகப் போய் (டெல், ஏசர், ஏசூஸில் எஃப்2, ஹெச்பியில் எஃப்10, திங்க்பேடில் எஃப்1) ஏதாவது ஒரு அமைப்பை மாற்றிச் சேவ் செய்து பாருங்கள். எல்லாம் மங்கலாக, மாற்றவே விடாமல் இருந்தால் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு இருக்கிறது என்று பொருள். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மின்ட் லைவாக, அதாவது டிஸ்க்கில் ஏற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும்போது வைஃபை, ஸ்பீக்கர், கேமரா, ஒவ்வொரு கீ, ஒவ்வொரு யுஎஸ்பி துளை என்று பாருங்கள். டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். ரீ-அலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போனதால் ஒதுக்கப்பட்ட பகுதி) எண்ணிக்கை பூஜ்யமாக இல்லாவிட்டால் புது டிஸ்க்கின் விலையை மனதில் கழித்துக்கொள்ளுங்கள்.

கரையோரத்து லேப்டாப் என்றால் டார்ச் அடித்து யுஎஸ்பி, ஹெச்டிஎம்ஐ, சார்ஜிங் துளைகளுக்குள் பாருங்கள். பச்சைக் களிம்போ வெள்ளைப் பூப்போ தெரிந்தால் உள்ளே மதர்போர்டிலும் இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபத்தில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஃபேன் உறிஞ்சும் காற்றே உப்பும் மணலும்தான். வாங்கிய பிறகு ஒருமுறை திறந்து ஃபேனைத் துடைத்து, ரேம் முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்தால் காரணமே இல்லாமல் ஹேங் ஆகும் தொல்லை பெரும்பாலும் தீரும்.

எந்த ஓஎஸ்?

செய்யப்போகும் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இ-சேவை, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டேலி என்று போனால் விண்டோஸ் தவிர வேறு யோசனை வேண்டாம். படிப்பு, பிரவுசிங், தமிழ் டைப்பிங், கணக்கு எழுதுவது என்றால் லினக்ஸ் தாராளமாகப் போதும்.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க் வேண்டும் என்பது காகிதக் கணக்கு. நடைமுறையில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாமல் அது நகராது. பிராசசரும் பட்டியலில் இருக்க வேண்டும்: இன்டெல்லில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறை முதல். ஐ5-8250யூ தேறும், ஐ5-7200யூ தேறாது. கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்ணைப் பாருங்கள். 10, 11 என்று தொடங்கினால் பத்தாம், பதினோராம் தலைமுறை. தடையைச் சுற்றிப் போடும் வழிகள் உண்டு, ஆனால் அப்டேட் வரும் என்ற உறுதி இல்லை. பிழைப்புக்கு நம்பியிருக்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், அதில் வங்கி வேலை பார்ப்பதும் சரியில்லை.

லைசென்ஸுக்குத் தனியாகக் காசு கேட்பவர்களிடம் கவனம். தயாரித்த கம்பெனியிலிருந்தே விண்டோஸோடு வந்த லேப்டாப்பில் கீ மதர்போர்டிலேயே இருக்கும். அதே பதிப்பைப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் பெரும்பாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் பதிப்பு இருந்ததில் புரோ பதிப்பு போட்டால்தான் கீ கேட்கும்.

ஏழாம் தலைமுறை வரை, 4 ஜிபி ரேம் உள்ளவற்றுக்கு மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி, அல்லது 32 பிட் மட்டும் ஓடும் கிழட்டு மெஷினுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற இன்னும் இலகுவான லினக்ஸ். அதற்குக் கீழே மெனக்கெட வேண்டாம்.

போடும்போது இடறும் இடங்கள்

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். பயாஸில் ஸ்டோரேஜ் மோட் ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஹெச்சிஐ என்று மாற்றினால் தெரியும். டெல்லில் இது அடிக்கடி வரும்.

மின்ட் போட்டதும் வைஃபை வரவில்லையா? பெரும்பாலும் பிராட்காம் சிப். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் ஆன் செய்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையானதைத் தானே காட்டும்.

பேட்டரி செத்த லேப்டாப் என்றால் யுபிஎஸ்ஸில் மாட்டிப் போடுங்கள். ஓஎஸ் ஏறும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். பயாஸ் அப்டேட்டின்போது போனால் மெஷினே எழுந்திருக்காது.

தமிழுக்கு மின்ட்டின் கீபோர்டு அமைப்பில் தமிழ்நெட் 99 என்று தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிண்டரைப் பொறுத்தவரை ஹெச்பி மாடல்கள் பலவும், எப்சன் எல் வரிசையும் லினக்ஸில் சிரமமில்லாமல் ஓடும். ஊரில் ஜெராக்ஸ் கடை தவறாமல் வைத்திருக்கும் கேனான் எல்பிபி 2900 மட்டும் மல்லுக்கட்ட வைக்கும். அது இருக்கிற வீடு என்றால் எட்டாம் தலைமுறை லேப்டாப்பாகப் பார்த்து விண்டோஸிலேயே இருந்துவிடுவது மலிவு.