புது வீட்டில் ஓதமும் விரிசலும் தெரிந்தால்: பட்டி பூச விடுவதற்கு முன்

சென்னையில் ஒரு புது ஃபிளாட் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதல் வடகிழக்குப் பருவமழைதான் காட்டும். மேடவாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் 2021 கோடையில் சாவி கொடுத்தார்கள். நவம்பரில் அடைமழை பிடித்துக்கொண்டதும் கிழக்குப் பார்த்த படுக்கையறைச் சுவர்களில் வரிசையாக ஓதம் ஏறியது. சங்கச் செயலாளராக இருப்பதால் எல்லார் புகாரும் என்னிடம்தான் வரும். அப்படிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

புகார் சொன்னதும் கட்டுநர் தரப்பிலிருந்து முதலில் வருபவர் பெயிண்டர். "ஷ்ரிங்கேஜ் கிராக்தான் மேடம், எல்லா வீட்லயும் வரும்" என்று, ஏதோ பூச்சு காயும்போது சுருங்கி வந்த விரிசல் என்பதுபோலச் சொல்லி, பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு மட்டும் உடனே சம்மதிக்காதீர்கள். காரணம் அப்படியே இருக்கும், அடையாளம் மறைந்துவிடும், அடுத்த மழை வரை ஒரு வருடம் ஓடிவிடும். அந்த ஒரு வருடம் உங்களுக்கு ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழை பெய்தால் மட்டும் ஓதம் வந்தால் வெளிச்சுவர், ஜன்னல் ஓரம், மொட்டை மாடி இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வெயில் காலத்திலும் காயாமல் இருந்தால் சுவருக்குள் போகும் குழாய். மேல்வீட்டில் குளித்த பிறகு உங்கள் பாத்ரூம் கூரையில் சொட்டினால், அவர்கள் தரைக்குக் கீழே நீர்த்தடுப்புப் பூச்சு சரியில்லை. மேல்வீட்டாரிடம் பேசி, வடிகாலைத் துணியால் அடைத்து, தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

விரிசல்களிலும் வித்தியாசம் உண்டு. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக, மயிரிழையாக ஓடுவது பெரும்பாலும் பூச்சு வேலையின் குறை. கதவு, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி அகலமாகிக்கொண்டே போவது அஸ்திவாரம் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுத்தால் அது வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

கூரையிலோ பீமின் அடியிலோ பூச்சு உப்பி, பழுப்புக் கறை தெரிந்தால் தாமதிக்கவே கூடாது. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். துரு ஏறினால் கம்பி பருத்து கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். சாலிகிராமத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் கான்கிரீட்டில் குளோரைடு கலந்திருந்ததால் கம்பிகள் அரித்து, கட்டடத்தையே இடித்துக் கட்டும் நிலை வந்ததை எல்லாரும் செய்தியில் படித்தோம். இந்த நிலையில் மேஸ்திரியின் அபிப்பிராயம் போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்து, கான்கிரீட்டை உடைக்காமலே அதன் தரத்தைப் பார்க்கும் ரீபவுண்டு ஹேமர், அல்ட்ராசோனிக் சோதனைகள் செய்து எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். சங்கமாகச் சேர்ந்து செய்தால் செலவு ஒருவர் தலையில் விழாது.

இப்போது சட்டம். 2016-ம் வருட ரெரா சட்டத்தின் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) 14(3) பிரிவின்படி, வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறையையோ வேலைத்தரக் குறையையோ தெரிவித்தால், கட்டுநர் 30 நாளுக்குள் பணம் வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். "அக்ரிமென்ட்ல ஒரு வருஷ வாரண்டிதானே" என்பார்கள். சட்டம் தரும் உரிமையை அந்த வரி குறைக்காது. தொலைபேசியில் சொன்னது கணக்கில் நிற்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். எந்த அறை, எந்தச் சுவர், எப்போது தெரிந்தது என்று படங்களோடு எழுதுங்கள். ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள், 5 வருடக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

பதில் இல்லையென்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போகலாம். சரிசெய்ய உத்தரவு வேண்டுமென்றால் படிவம் எம், இழப்பீட்டுக்குப் படிவம் என். சங்கத்தின் பெயரிலும் மனு போடலாம். நுகர்வோர் ஆணையமும் ஒரு வழிதான், ஆனால் அங்கே காலக்கெடு 2 வருடம்.

தனி நபரிடம் பழைய வீடு வாங்கியவர்களுக்குப் பாதை வேறு. 1882-ம் வருட சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு முன்பே தெரியும் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். முன்பு வாடகைக்கு இருந்தவர், பக்கத்து வீட்டார், பழைய பிளம்பர் இவர்களிடம் பேசிவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததும் கட்டுநரின் ஆட்கள் ஒரு தாளை நீட்டி "திருப்தி" என்று கையெழுத்துக் கேட்பார்கள். பாத்ரூம் என்றால் மறுபடி தண்ணீர் கட்டிப் பாருங்கள். வெளிச்சுவர் என்றால் "அடுத்த பருவமழைக்குப் பிறகே உறுதி செய்ய முடியும்" என்று அந்தத் தாளிலேயே எழுதி, தேதியோடு கையெழுத்துப் போடுங்கள்.