கடைந்த மரக்கிண்ணத்துக்கு எந்தப் பூச்சு?

கடைசல் பட்டறையிலிருந்து வந்த கிண்ணத்துக்குப் பூச்சைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்பை விட, அதில் எதை வைக்கப் போகிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். குங்குமம், வெற்றிலை பாக்கு, ஆறிய தேன்குழல், சீப்புச் சீடை போன்றவற்றுக்கு அரக்குப் பூச்சே போதும். சூடான பண்டம் வைப்பதென்றாலோ அடிக்கடி கழுவுவதென்றாலோ எண்ணெய்ப் பூச்சுதான் சரி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய மரவைகளை, அதாவது மரப் பாத்திரங்களை, பார்த்தவர்கள் அதே சிவப்பும் கறுப்பும் வேண்டுமென்று கேட்பார்கள். ஆனால் அவற்றுள் பர்மாவிலிருந்து வந்த சாமான்களில் பூசியிருப்பது ஒரு மரத்தின் பால். அது ஈரக் காற்றில் இறுகும், இறுகிய பின் ஸ்பிரிட்டில் கரையாது. நம் நாட்டு அரக்கோ பூச்சி சுரக்கும் பிசின்; ஸ்பிரிட்டில் கரையும், ஏறத்தாழ 75 டிகிரி செல்சியஸில் இளகும். ஆகவே பழைய மரவையைச் செப்பனிடுபவர், அடிப்பாகத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் ஒற்றிப் பார்த்து, பிசுபிசுத்தால் அரக்கு என்று கொள்ளலாம். புதிய கிண்ணத்துக்கு அரக்கு ஏற்றுவதைக் கடைசல்காரரிடமே விட்டுவிடுவது நல்லது. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, உரசும் சூட்டில் அது உருகியதும் தாழை ஓலையால் பரப்பி மெருகேற்றுவது கைப்பழக்கத்தால் மட்டுமே வருவது.

எண்ணெய் என்றதும் சமையலறையிலுள்ள தேங்காய் எண்ணெயையோ கடலை எண்ணெயையோ எடுத்துவிடக் கூடாது. அவை உலராமல் மரத்துக்குள்ளேயே இருந்து, சில மாதங்களில் சிக்கு வாடை வீசும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும். ஆனால் கடைகளில் ‘பாயில்டு’ என்று விற்பதில் பெரும்பாலும் விரைவில் உலர்வதற்காக உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கும் என்பதால், உண்பதற்கான கிண்ணத்துக்குக் கலப்பில்லாத எண்ணெயே ஏற்றது.

முதலில் 120, 180, 240 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, நார் எழும்பிக் காய்ந்ததும் 320ஆம் எண் தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். எண்ணெயை மெல்லியதாகத் தடவினால், கிண்ணத்தின் இரு எதிர்ப்பக்கங்களில் நார்கள் குறுக்காக வெட்டுண்டு நிற்கும் இடங்கள் அதைச் சட்டென்று குடித்து மங்குவது கண்ணுக்கே தெரியும். அங்கே மட்டும் மறுபடி தடவி, இருபது நிமிடம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட வேண்டும். கலப்பில்லாத எண்ணெய் நிதானமாகவே உலரும். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பின்பே அடுத்த பூச்சு. மூன்று பூச்சுக்குப் பின் சில வாரங்கள் ஆறப்போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் தாமதமாகும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும் என்பதால், அதை விரித்து உலர்த்த வேண்டும்.

பழைய தூணின் பர்மா தேக்கில் கடைந்த கிண்ணமானால், அம்மரத்தின் இயற்கை எண்ணெய் புதிய பூச்சு உலர்வதைத் தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்துக்கொள்ளலாம். வேம்புக்கும் பூவரசுக்கும் இது தேவையில்லை.

காத்திருக்க இயலாதவர்கள் மருந்துக்கடை லிக்விட் பாரஃபினில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்கிப் பூசலாம். அது கெடாது, ஆனால் மரம் வெளிறும்போதெல்லாம் மறுபடி பூச வேண்டியிருக்கும். பாலியூரித்தேன் வார்னிஷை அலங்காரக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்; கரண்டி கீறிய இடத்தில் நீர் புகுந்தால் பூச்சு உரியத் தொடங்கும், பிறகு முழுவதையும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.