முதியவர்களின் பக்குவத்தை அளப்பது எப்படி?

முதியவர்களிடம் போய் "உங்கள் ஞானத்தை அளக்க வந்திருக்கிறோம்" என்று ஆரம்பித்தால் பேச்சு கோயில், கடவுள் என்று போய்விடும். இல்லாவிட்டால் "எனக்கென்னப்பா தெரியும்" என்பதோடு முடிந்துவிடும். இப்படிப்பட்ட ஆய்வு தேடுவது வாழ்க்கைச் சிக்கலைக் கையாளும் பக்குவத்தை. அதனால் ஒப்புதல் படிவத்திலும் 'வாழ்க்கைப் பக்குவம்' என்றே எழுதுங்கள். காது கேட்கிறதா, மறதி நோயின் அறிகுறி உண்டா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். கேள்வியே காதில் சரியாக விழாதவரின் பதில் எதையும் அளக்காது.

எளிய வழி வினாத்தாள். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மோனிகா ஆர்டெல்ட் 2003-ல் வெளியிட்ட முப்பரிமாண ஞான அளவுகோலில் 39 வாக்கியங்கள்: அறிவு 14, தன்னைத் திரும்பிப் பார்த்தல் 12, பரிவு 13. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மூன்று பகுதிக்கும் தனித்தனிச் சராசரி எடுத்து, பிறகு அந்த மூன்றின் சராசரியை எடுக்க வேண்டும். 39-ஐயும் மொத்தமாகக் கூட்டினால் 14 வாக்கியம் உள்ள பகுதிக்கு எடை கூடிவிடும்.

பல வாக்கியங்கள் எதிர்மறையானவை, அதாவது பக்குவத்துக்கு எதிரானதைச் சொல்பவை. அவற்றில் 'முழுக்க ஒத்துக்கொள்கிறேன்' என்றால் மதிப்பெண் குறைய வேண்டும். திருப்பிப் போட மறந்தால் கணக்கே தலைகீழ். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஆமாம்மா" போடுகிறவரின் மதிப்பெண் இங்கே தகுதிக்குக் கீழே இறங்கும். அதைத் தவிர்க்க இரண்டு படியாகக் கேளுங்கள்: "ஒத்துக்கறீங்களா, இல்லையா?" பதில் வந்ததும், "முழுசாவா, ஓரளவுக்கா?" இரண்டும் சொல்லத் தோன்றாவிட்டால் நடு எண்.

மொழிபெயர்ப்பில்தான் அதிகம் சறுக்கும். அறிவுப் பகுதியில் 'Ignorance is bliss' என்ற ஆங்கிலப் பழமொழி இருக்கிறது. அதை 'அறியாமையே பேரின்பம்' என்று போட்டால் தத்துவம் போல ஒலித்து, பாட்டி தலையாட்டிவிடுவார். 'சில விஷயம் தெரியாம இருந்துட்டாலே நிம்மதி' என்றால்தான் யோசிப்பார். மொழிபெயர்த்ததை மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுதச் சொல்லி ஒப்பிடுங்கள்.

வினாத்தாளின் பெரிய குறை, பக்குவப்பட்டவர் தன்னைக் குறைத்துச் சொல்வது. ஆகவே பெர்லின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உளவியலாளர் பால் பால்டெஸ் குழு உருவாக்கிய முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிக்கலைச் சொல்லி, மனதில் ஓடுவதை அப்படியே வாய்விட்டுப் பேசச் சொல்வார்கள். அவர்களுடைய பெயர்பெற்ற கேள்வி: 15 வயதுப் பெண் உடனே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறாள்; என்ன யோசிக்கலாம், என்ன செய்யலாம்? "கூடவே கூடாது" என்று முடித்துக்கொண்டால் மதிப்பெண் குறைவு. அவள் அனாதையா, தீராத நோயா, எந்தக் காலம், எந்த ஊர் வழக்கம் என்று விசாரித்துப் போகும் பதிலுக்கு அதிகம். நம் ஊரில் அந்த வயதிலேயே கல்யாணமான பாட்டிகள் உண்டு. அவர்கள் சொந்தக் கதைக்குள் போய்விடுவார்கள். சொத்துப் பிரிவினை போன்ற வேறொரு சிக்கலையும் கையில் வைத்திருங்கள்.

பேச்சை இடையில் வெட்டாதீர்கள். மௌனமானால் "வேற ஏதாவது தோணுதா?" மட்டும் போதும். மகனோ மருமகளோ பக்கத்தில் இருந்தால் பதில் அவர்களுடையதாகிவிடும். அவர்களை அடுத்த அறையில் உட்காரச் சொல்லுங்கள்.

பேச்சை எழுத்தாக்கி, பெயரும் வயதும் நீக்கி, மதிப்பிடுவோரிடம் கொடுங்கள். ஐந்து அளவுகள்: விவர அறிவு (வாழ்க்கையைப் பற்றித் தெரிந்தவை), வழிமுறை அறிவு (சிக்கலை எப்படிக் கையாள்வது என்பது), வாழ்க்கைச் சூழலைக் கணக்கில் எடுப்பது, பிறர் மதிப்பீடுகளை ஏற்பது, நிச்சயமின்மையை உணர்ந்து கையாள்வது. ஒவ்வொன்றுக்கும் 7 வரை மதிப்பெண். அளவுக்கு இருவர் வீதம் பத்துப் பேர். ஒருவரே ஐந்தையும் போட்டால், முதலில் பிடித்துப்போன பேச்சுக்கு எல்லாவற்றிலும் அள்ளிக் கொடுத்துவிடுவார். இருவருக்கும் இடையில் 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் சராசரி எடுத்து மூடிவிடாமல், எந்த வரியைப் பார்த்து அந்த எண் போட்டார்கள் என்று இருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.