மார்கழிக் காலையில் மிதிவண்டிக்கு ஏற்ற உடை

மார்கழியிலும் சென்னையின் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும் என்றாலும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் நோக்கி மிதிக்கும்போது எதிர்க்காற்று நெஞ்சில் அறைந்து, வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு என்னை நடுங்க வைத்தது. ஸ்வெட்டர் அணிந்தால், திருவான்மியூரைத் தாண்டுவதற்குள் புழுங்கியது.

பருத்தி ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் விரைவில் உலர்ந்துவிடும். ஆகவே உடலோடு ஒட்டிய மெல்லிய பாலியஸ்டர் பனியனும், அதன்மேல் முன்புறம் காற்றைத் தடுத்து முதுகுப்புறம் வலையாக உள்ள கையில்லாத மேலங்கியும், வெயில் ஏறியதும் கழற்றிச் சுருட்டிவிடக்கூடிய, கைகளில் மட்டும் தனியாக மாட்டும் கையுறைகளும் (மணிக்கட்டிலிருந்து தோள்வரை) என மாற்றிக்கொண்டேன். புறப்படும்போது சற்றே குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் உடை அதிகம் என்று பொருள். (மப்ளர் இல்லாமல் அனுப்ப மறுக்கும் அம்மாவுக்கு இந்தக் கணக்கு இன்னும் ஏற்புடையதாக இல்லை.)

ஜனவரியில் உறைபனி விழும் உதகைக்கு இவை போதா. அங்கே நனைந்தாலும் ஓரளவு வெப்பம் காக்கும் மெரினோ கம்பளி பனியனையும், விரல்களை முழுவதும் மூடும் கையுறையையும் அணிகிறேன். ஏனெனில் பிரேக் பிடிக்கும் விரல்கள் மரத்துப்போவது இறக்கத்தில் பேராபத்து. குன்னூர் இறக்கத்தில் மிதிக்கும் வேலை குறைந்து உடற்சூடு தணியும், காற்றோ கூடும் என்பதால், பழைய பந்தய வீரர்களைப் போல மார்புக்கும் மேலங்கிக்கும் இடையே செய்தித்தாளைச் செருகிக்கொள்கிறேன்.