ஏலத் தளத்தில் கட்டணமும் ஜிஎஸ்டியும்: வூகாமர்ஸில் அமைப்பது எப்படி?

இணையதளம் உருவாக்கும் வேர்ட்பிரஸ், அதில் கடை நடத்தும் வூகாமர்ஸ், அதன்மேல் ஓர் ஏல ப்ளக்இன் (கூடுதல் வசதி தரும் மென்பொருள்). சின்ன ஏலத் தளம் தொடங்க இவ்வளவு போதும். ஏலத்தை நடத்துவது ப்ளக்இன் வேலை. ஏலம் படிந்த பிறகு வரும் பணக் கணக்கை வூகாமர்ஸ் பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று பார்ப்போம்.

உதாரணத்துக்கு, ஓவியர்களின் கைவண்ண ஓவியங்களை ஏலம் விடும் தளம் என்று வைத்துக்கொள்வோம். தளமும் ஓவியரும் தமிழ்நாட்டில், இருவரும் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள். ஓவியத்துக்கான பில் ஓவியர் பெயரில்.

முதல் படி: கணினியைத் தொடாதீர்கள், பேப்பரை எடுங்கள்

ஓவியம் 20,000 ரூபாய்க்குப் படிகிறது. வாங்குபவர் பிரீமியம், அதாவது ஏல விலைக்கு மேல் தளம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம், 10 சதவீதம்: 2,000. ஓவியத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்: 1,000. பிரீமியம் என்பது தளம் செய்யும் சேவைக்கான கட்டணம், அதனால் அதற்கு 18 சதவீதம்: 360. வாங்குபவர் கட்ட வேண்டியது 23,360 ரூபாய். மொத்தத்துக்கும் ஒரே விகிதம் போட்டால் கணக்கு தப்பு.

பில் யார் பெயரில் என்பதை முன்பே சொன்னதற்குக் காரணம் உண்டு. தளமே தன் பெயரில் ஓவியத்துக்கு பில் போட்டால் வரி நிலவரமே மாறிவிடும். இதை மட்டும் ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டாம் படி: வரியை இயக்குதல்

வூகாமர்ஸ் செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்துக்குப் போய், வரி கணக்கிடும் பெட்டியை டிக் செய்து சேமியுங்கள். அப்புறம்தான் டேக்ஸ் என்ற டேப் தெரியும். அங்கே விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஆம்’ என்று விட்டால் 20,000-க்குள்ளிருந்தே 952.38 ரூபாயை வரியாகப் பிரித்துவிடும், ஓவியருக்கு 19,047.62 தான் மிஞ்சும். வரியை எந்த முகவரிப்படி கணக்கிடுவது என்பதற்கு டெலிவரி முகவரி.

மூன்றாம் படி: விகிதங்கள்

பலரும் சறுக்கும் இடம் இது. வூகாமர்ஸில் ஸ்டாண்டர்டு, ரெட்யூஸ்டு, ஜீரோ என்று மூன்று வரி வகுப்புகள் தயாராக இருக்கும். ஓவியத்துக்கு ரெட்யூஸ்டு, பிரீமியத்துக்கு ஸ்டாண்டர்டு என்று ஒதுக்கிக்கொள்ளலாம்.

மாநிலத்துக்குள் விற்றால் ஜிஎஸ்டி இரண்டாகப் பிரியும்: மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி. வெளிமாநிலத்துக்கு விற்றால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே வரி. அதனால் ரெட்யூஸ்டு பட்டியலில் மூன்று வரிசை சேர்க்க வேண்டும்:

- நாடு இந்தியா, மாநிலம் தமிழ்நாடு, 2.5 சதவீதம், பெயர் சிஜிஎஸ்டி, பிரையாரிட்டி 1
- நாடு இந்தியா, மாநிலம் தமிழ்நாடு, 2.5 சதவீதம், பெயர் எஸ்ஜிஎஸ்டி, பிரையாரிட்டி 2
- நாடு இந்தியா, மாநிலம் காலியாக, 5 சதவீதம், பெயர் ஐஜிஎஸ்டி, பிரையாரிட்டி 1

ஒரு பிரையாரிட்டி எண்ணுக்கு ஒரே ஒரு விகிதத்தைத்தான் வூகாமர்ஸ் எடுக்கும். சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டுக்கும் 1 என்று போட்டால் பாதி வரி காணாமல் போய்விடும். மதுரைக்காரர் வாங்கினால் மாநிலம் குறிப்பிட்ட வரிசைக்கு முன்னுரிமை, அதனால் ஐஜிஎஸ்டி ஒதுங்கிவிடும். பெங்களூருக்காரருக்கு ஐஜிஎஸ்டி மட்டும். காம்பவுண்ட் பெட்டியில் டிக் வேண்டாம். வைத்தால் வரிமேல் வரி விழும்.

ஸ்டாண்டர்டு பட்டியலிலும் இதே மூன்று வரிசை, 9, 9, 18 என்று.

நான்காம் படி: பிரீமியம்

வூகாமர்ஸில் சதவீதக் கட்டணம் சேர்க்கத் தனி அமைப்பு கிடையாது. சில ஏல ப்ளக்இன்களில் உண்டு. இல்லையென்றால் கட்டணம் சேர்க்கும் ப்ளக்இன் ஒன்று வேண்டும். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: ஏல விலைமேல் மட்டும் கணக்கிட வேண்டும் (கூரியர் செலவு சேரக்கூடாது), வரி உண்டு என்று இருக்க வேண்டும், வகுப்பு ஸ்டாண்டர்டாக இருக்க வேண்டும்.

படிப்படியாகக் குறையும் பிரீமியம் வைக்க ஆசைப்பட்டால் கவனம். 50,000 வரை 10 சதவீதம், அதற்கு மேல் 8 என்கிறீர்கள். முழுத் தொகைக்கும் 8 என்று அமைத்துவிட்டால், 50,000-க்கு எடுத்தவர் 55,000 கட்டுவார், 50,500-க்கு எடுத்தவர் 54,540 கட்டுவார்! அதிகம் கேட்டவருக்குக் குறைந்த பில். எனவே 50,000-ஐத் தாண்டிய பகுதிக்கு மட்டும் 8 என்று அமையுங்கள். ஆரம்பத்தில் ஒரே விகிதம் போதும் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: ஓவியர் பக்கத்துக் கணக்கு

இது வாங்குபவர் பணம் கட்டும் செக்அவுட் பக்கத்தில் வராது. ஓவியரிடம் 10 சதவீதம் கமிஷன் என்றால் 2,000, அதற்கு ஜிஎஸ்டி 360. மற்றவர் பொருளுக்கான பணத்தை நீங்கள் வசூலிப்பதால் டிசிஎஸ் (அரசுக்காக முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும்; 2024 ஜூலை 10 முதல் அது 0.5 சதவீதம், இங்கே 100 ரூபாய். ஆக ஓவியருக்குப் போவது 21,000-இல் 2,460 போக 18,540. அந்த 1,000 ரூபாய் ஜிஎஸ்டியை அரசுக்குக் கட்ட வேண்டியவர் அவர்தான். வருமான வரிக்காகப் பிடிக்கும் டிடிஎஸ் தனி, அதையும் ஆடிட்டரிடமே கேளுங்கள்.

ஆறாம் படி: சோதனை

ஆன்லைனில் பணம் வாங்கும் பேமென்ட் கேட்வேயை டெஸ்ட் மோடில் வைத்து, அதே 20,000 ரூபாய் ஏலத்தை மதுரை முகவரியில் ஒரு தடவை, பெங்களூர் முகவரியில் ஒரு தடவை முடித்துப் பாருங்கள். கூரியர் செலவைப் பூஜ்ஜியமாக்கினால் இரண்டிலும் 23,360 வர வேண்டும். வரியின் பெயர்கள்தான் மாற வேண்டும்.

நடப்பு ஏலத்தின் நடுவே விகிதத்தை மாற்றுவதில் ஒரு சிக்கல்: வரி கணக்காவது ஏலம் கேட்கும்போது அல்ல, செக்அவுட்டில். 2025 செப்டம்பர் 22-இல் ஓவியத்துக்கான ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 ஆனதுபோல அரசே மாற்றினால் வேறு வழியில்லை. உங்கள் பிரீமியத்தை மாற்றுவதென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஏலங்கள் முடிந்து, பணமும் வந்து சேரட்டும், பிறகு மாற்றுங்கள்.