மோடம் டயல் செய்தால் மவுஸ் உறைகிறதா? பழைய கணினியில் போர்ட் மோதலைத் தீர்ப்பது எப்படி

விண்டோஸ் 98 ஓடும் பழைய பெட்டி. மவுஸ் நன்றாகத்தான் நகர்கிறது. உள்ளே செருகிய மோடம் (தொலைபேசி வழியே இணையத்தில் சேர்க்கும் கார்டு) டயல் செய்யத் தொடங்கியதும் அம்புக்குறி அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸைத் திட்டாதீர்கள், புதிது வாங்கிப் போட்டாலும் இதே கதைதான்.

மவுஸும் மோடமும் கணினியோடு பேசும் வாசல்தான் சீரியல் போர்ட், சுருக்கமாக 'காம்'. ஒவ்வொரு சீரியல் போர்ட்டுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று முகவரி, அதாவது வீட்டு எண். மற்றொன்று ஐஆர்க்யூ, அதாவது 'என்னைக் கவனி' என்று ப்ராசசரைக் கூப்பிடும் காலிங் பெல். வழக்கமான அமைப்பு இது:

காம் 1: 3எஃப்8, ஐஆர்க்யூ 4
காம் 2: 2எஃப்8, ஐஆர்க்யூ 3
காம் 3: 3இ8, ஐஆர்க்யூ 4
காம் 4: 2இ8, ஐஆர்க்யூ 3

வீட்டு எண் நான்கு, பெல் இரண்டே இரண்டு! மவுஸ் காம் 1-இலும் மோடம் காம் 3-இலும் இருந்தால் முகவரி வேறு என்பதால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் பெல் ஒன்றே, ஐஆர்க்யூ 4. இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் குட்டு உடையும்.

முதலில் பாருங்கள். மை கம்ப்யூட்டரில் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிவைஸ் மேனேஜர். பட்டியலின் உச்சியில் உள்ள 'கம்ப்யூட்டர்' மீது இரட்டை க்ளிக் செய்தால் 0 முதல் 15 வரை எந்த ஐஆர்க்யூ யாரிடம் என்று தெரியும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிசிஐ என்ற புதிய வகைக் கார்டுகள் ஒரே எண்ணைப் பகிர்ந்திருந்தால் பதற வேண்டாம், அவற்றால் அது முடியும். தகராறு பெரும்பாலும் ஐஎஸ்ஏ என்ற பழைய வகைக் கார்டுகளில்தான். மஞ்சள் ஆச்சரியக்குறி இல்லை என்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜம்பர் (கார்டின் ஊசிகளில் மாட்டி அமைப்பை மாற்றும் சின்னத் தொப்பி) ஒன்று சொல்ல, விண்டோஸ் வேறொன்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்து இடம் காலி செய்யுங்கள். காம் 2-இல் எதுவும் செருகவில்லை என்றால் அதை விட்டுக்கொடுக்கலாம். கணினி தொடங்கும்போது டெலிட் விசையை அழுத்தி (சிலவற்றில் எஃப் 2) பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். 'இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ்' அல்லது அதைப் போன்ற பக்கத்தில் இரண்டாம் சீரியல் போர்ட்டை 'டிஸேபிள்டு' ஆக்கிச் சேமியுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு மோடத்தை காம் 2-க்கு மாற்றினால் பழைய சண்டை போய்ப் புதுச் சண்டை வரும்.

இனி கார்டு. மின்கம்பியைப் பிடுங்குங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு மோடத்தைக் கழற்றி, ஜம்பர்களை காம் 2, ஐஆர்க்யூ 3-க்கு மாற்றுங்கள். எந்த ஊசி எதற்கு என்று பெரும்பாலும் கார்டிலேயே அச்சிட்டிருக்கும். ஜம்பர் இல்லாத பிளக் அண்ட் ப்ளே கார்டானால், டிவைஸ் மேனேஜரில் அதன் 'ரிசோர்சஸ்' பக்கத்தில் தானியங்கி அமைப்பின் டிக்கை எடுத்துவிட்டு நீங்களே மாற்றலாம். அதே பக்கத்தின் கீழே மோதல் உண்டா இல்லையா என்றும் காட்டும்.

சரிபாருங்கள். பழைய மோடம் பதிவை நீக்கி மறுபடி நிறுவுங்கள். கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ், 'மோர் இன்ஃபோ'. முகவரி 2எஃப்8, இன்டரப்ட் (ஐஆர்க்யூதான்) 3 என்று வர வேண்டும். பிறகு டயல் செய்துகொண்டே மவுஸை ஆட்டிப் பாருங்கள்.

சவுண்ட் கார்டும் பிரின்டரும் முட்டிக்கொண்டால் இவ்வளவு பாடு இல்லை. முதல் பிரின்டர் போர்ட்டுக்கு வழக்கமாக ஐஆர்க்யூ 7. சவுண்ட் கார்டை 5-க்குத் தள்ளுங்கள், 5-இல் வேறு யாரும் இல்லையா என்று அந்தத் தாளைப் பார்த்துவிட்டு.